நிபந்தனையும் எண்ணிக்கையும்

ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களை, வரிசைக்கு மூன்றாக அமைந்த ஒன்பது கட்டங்களில் இட்டு, குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் மூலைக்கு மூலை கூட்டினாலும் 15 வரும்படி செய்ய வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழக்கமான மாயச்சதுரக் கணக்கு. மனம் போன போக்கில் எண்களை இட்டும் அழித்தும் பார்ப்பவன் முன்னே 3,62,880 வழிகள் விரிந்து கிடக்கின்றன. ஆனால் ஓர் எண்ணையும் கட்டத்தில் வைப்பதற்கு முன்பே, எந்த மூன்று எண்கள் சேர்ந்தால் 15 வரும் என்று கேட்டுப் பார்த்தால், 1, 5, 9; 1, 6, 8; 2, 4, 9; 2, 5, 8; 2, 6, 7; 3, 4, 8; 3, 5, 7; 4, 5, 6 என எட்டுக் கூட்டங்களே கிடைக்கின்றன, ஒன்பதாவது இல்லை. சதுரத்துக்கு வேண்டியவையும், வரிசை மூன்று, பத்தி மூன்று, மூலைவிட்டம் இரண்டு ஆக எட்டே. ஆதலால் கூட்டங்களில் ஒன்றையும் விலக்க இடமில்லை. நடுக்கட்டம் நான்கு கூட்டங்களில் பங்குகொள்வது. நான்கு முறை வரும் எண்ணோ 5 ஒன்றுதான். மூலைக்கட்டம் மூன்றில் பங்குகொள்வது. மும்முறை வருபவை 2, 4, 6, 8. இருமுறை மட்டும் வரும் 1, 3, 7, 9 எஞ்சிய நடுப்பக்கக் கட்டங்களுக்கு உரியவை. 2ஐ நான்கு மூலைகளில் ஒன்றில் வைத்தால் 8 அதன் எதிர்மூலையில் அமர்ந்துவிடும். 4ஐ மற்ற இரு மூலைகளில் ஒன்றில் வைத்தால் ஏனைய எண்கள் யாவும் தம் இடத்தைத் தாமே அடைந்துவிடும். நாலிரண்டு எட்டு வழிகள். அவ்வெட்டும் ஒரே சதுரத்தைச் சுழற்றியும் புரட்டியும் பெறுபவை.

புதிர்களைப் பற்றிப் பேசுவோரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. புதிரை விடுவிப்பது திடீரென்று உதிக்கும் யுக்தியின் செயல் என்றும், சாத்தியங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்ப்பது அந்த யுக்தி வாய்க்காதவன் வேறு வழியின்றிக் கைக்கொள்ளும் கீழான முறை என்றும் பலர் கருதுகின்றனர். மேலே கண்ட சதுரத்தில் யுக்தி எங்கே முடிகிறது, எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்று யாரேனும் கோடு கிழித்துக் காட்ட முடியுமா? எதை எண்ணுவது என்று தேர்ந்ததே யுக்தி. எண்ணி முடித்ததே நிரூபணம். எண்ணிக்கை முறையின் உயிர் அதன் பூர்ணத்துவத்தில் இருக்கிறது. ஒரு சாத்தியமும் விடுபடாமலும் ஒன்றும் இருமுறை வராமலும் எண்ணப்பட்டது என்ற உறுதி கிடைத்த அக்கணமே, மிக எளிய எண்ணிக்கையும் மிக உயர்ந்த தர்க்கத்தோடு சமமாக அமரத் தகுதி பெறுகிறது என்பது என் துணிபு. விடை ஒன்றே என்று சொல்வதும் ஓர் எண்ணிக்கையே. சரியான விடையைக் கண்டுவிட்டவன், வேறு விடை இல்லையென்று காட்டும் வரையில் புதிரைப் பாதிதான் விடுவித்திருக்கிறான்.

பாரத நாட்டில் இந்த எண்ணிக்கைச் சாஸ்திரம் செய்யுளிலக்கணத்தோடும் வைத்தியத்தோடும் சேர்ந்து வளர்ந்தது. ஆறு சுவைகளைத் தனித்தும் கலந்தும் அமைத்தால் 63 வகை வரும் என்று சுசுருத சம்ஹிதை கணக்கிட்டது. குறிலும் நெடிலும் மாறி வரும் வடிவங்களையெல்லாம் ஒழுங்காக விரித்தெழுதுவதைப் பிரஸ்தாரம் என்று பெயரிட்டு, அதற்கு விதி வகுத்தவர் பிங்கலர். பிரஸ்தாரத்தின் சிறப்பு, அதில் எந்த வரிக்கு அடுத்து எந்த வரி வரும் என்பது விதியால் தீர்மானிக்கப்படுவதால் ஒன்றும் விடுபட வழியில்லை என்பதே. மாத்திரைகளின் மொத்தம் இத்தனை என்ற நிபந்தனையை மேலும் சேர்த்தால் வடிவங்களின் தொகை 1, 2, 3, 5, 8, 13 என்று வளரும் என்பதை விரஹாங்கர் கண்டார். பிற்காலத்தில் இத்தாலிய நாட்டுப் பிபொனாச்சியின் பெயரால் உலகெங்கும் வழங்கும் தொடர் இதுவே.

1150ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் இவ்விஷயத்துக்கென்றே அங்கபாசம் என்னும் பகுதி உண்டு. பத்துக் கைகளில் பத்து ஆயுதங்களை மாற்றி மாற்றி ஏந்தினால் சம்புவின் திருவுருவம் எத்தனை விதமாகும் என்று கேட்டு 36,28,800 என்றும், நான்கு கைகளையுடைய ஹரிக்கு 24 என்றும் அவர் விடை பெறுகிறார். இவை நிபந்தனையற்ற எண்ணிக்கைகள், எளியவை. அதே பகுதியில் வரும் மற்றொரு கேள்வியே நம் பொருளுக்கு நெருங்கியது: சுழியம் இல்லாத ஐந்து இலக்கங்கள் கொண்டு, அவ்விலக்கங்களின் கூட்டுத்தொகை 13 ஆக அமையும் எண்கள் எத்தனை? மொத்தத்தில் ஒன்று குறைத்து 12 என்றும் ஸ்தானத்தில் ஒன்று குறைத்து 4 என்றும் கொண்டு, 12, 11, 10, 9 ஆகியவற்றின் பெருக்கத்தை 1, 2, 3, 4 ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் 495 வருகிறது. பதின்மூன்று கூழாங்கற்களை ஒரே வரிசையாக வைத்து, அவற்றினிடையேயுள்ள பன்னிரண்டு இடைவெளிகளில் நான்கைத் தேர்ந்து பிரித்தால் ஐந்து குவியல் ஆகும் என்று நினைத்துப் பார்ப்பவருக்கு இதன் காரணம் விளங்கிவிடும். இவ்வளவோடு பாஸ்கரர் நின்றிருந்தால் அவரை வல்லவர் என்று மட்டும் சொல்லலாம். கூட்டுத்தொகை, ஸ்தான எண்ணோடு 9ஐக் கூட்டி வருவதற்குக் குறைவாக இருக்கும் வரையில்தான் இவ்விதி செல்லும் என்று அவர் எல்லையும் கட்டுகிறார். ஐந்து ஸ்தானத்துக்குத் தொகை 14 என்றால் ஒரு குவியல் 10 ஆகிவிடக்கூடும். பத்து ஓர் இலக்கம் அன்று. சொல்லப்படாத நிபந்தனை எங்கே குறுக்கிடும் என்று முன்னறிந்து விதிக்கு வேலி போட்ட இந்த எச்சரிக்கையை, அவருடைய பெரிய கணிதங்களுக்குக் குறையாத சாதனையாக நான் மதிக்கிறேன்.

தமிழ் யாப்பிலும் இதற்கு ஓர் அழகிய களம் இருக்கிறது. வெண்பாவின் இடையே வரக்கூடிய சீர் வாய்பாடுகள் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம், தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய் என எட்டு. கனிச்சீருக்கு அங்கே இடமில்லை. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கனுள் ஒன்று. குறள் வெண்பாவில் ஏழு சீர்கள். தளை என்ற கட்டுப்பாடு இல்லையென்று வைத்துக்கொண்டால், முதல் ஆறு சீர்களும் எவ்வெட்டாகவும் ஈறு நான்காகவும் பெருகி, வாய்பாட்டு வடிவங்கள் 10,48,576 ஆகும். இனித் தளையைச் சேர்ப்போம். மாமுன் நிரை வர வேண்டும். விளமுன்னும் காய்முன்னும் நேர் வர வேண்டும். எட்டுச் சீர்களில் நேரசையில் தொடங்குபவை நான்கு, நிரையசையில் தொடங்குபவை நான்கு. ஆகவே எந்தச் சீர் நின்றாலும் அதனையடுத்து வரத் தகுதியுள்ளவை மிகாமலும் குறையாமலும் நான்கே. ஈற்றிலும் நாள், காசு இரண்டும் நேரிலும், மலர், பிறப்பு இரண்டும் நிரையிலும் தொடங்குவதால், ஆறாம் சீர் எதுவாயினும் ஈற்றுக்கு இரண்டு வழிகளே. முதற்சீருக்கு எட்டு, அடுத்த ஐந்துக்கும் நந்நான்கு, ஈற்றுக்கு இரண்டு எனப் பெருக்கினால் 16,384. ஏழு சீரினிடையே ஆறு தளை. ஒவ்வொரு தளையும் சாத்தியத்தைச் சரிபாதியாக்கி, ஆறு முறை பாதியான பிறகு நிற்கும் தொகை இது. திருக்குறளின் பாக்கள் 1,330. எனவே வாய்பாட்டளவில் மட்டும் பார்த்தாலும், அந்நூல் தொடாத குறள்வடிவங்கள் பதினையாயிரத்துக்கு மேற்பட்டுக் கிடக்கின்றன. நான்கடி வெண்பாவுக்குப் பதினைந்து சீர். அதே முறையில் எண்ணினால் வடிவங்கள் 1,07,37,41,824 ஆகும். வெண்பாவின் கட்டுப்பாடு புலவனுடைய கையைக் கட்டிவிடுகிறது என்று முறையிடுவோர் இந்த எண்ணைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதினாறாயிரத்துச் சொச்சம் வடிவங்களில் ஒன்றையேனும் எழுதிக் காட்டாமலே அவற்றின் தொகையை நாம் அறிய முடிந்ததற்குக் காரணம், தளை என்பது அண்டை வீட்டாரிடையே மட்டும் செல்லும் நிபந்தனையாக இருந்ததே. ஒரு சீர் தனக்கு முன்னுள்ள சீரை மட்டும் கேட்கிறது. அதற்கும் அப்பால் நிற்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நிபந்தனை தூரம் கடந்து செல்லத் தொடங்கினால் பெருக்கற் கணக்குப் பயன்படாமல் போகிறது என்பதற்கு எட்டு ராணிகளின் புதிரே தக்க சான்று. சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை, ஒன்றையொன்று வெட்டாதபடி நிறுத்த வேண்டும் என்ற இப்புதிரை 1848இல் ஜெர்மானியச் சதுரங்க வல்லுநர் மாக்ஸ் பெட்ஸல் வெளியிட்டார். 1850இல் பிரான்ஸ் நௌக் என்பவர் மொத்தத் தீர்வுகள் 92 என்று அறிவித்தார். அதே ஆண்டில் கணித மேதை காஸ் இதில் ஈடுபட்டு, நண்பர் ஷூமாக்கருக்குக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். அத்தகைய பேரறிவாளருக்கும் இது அற்பமாகத் தோன்றவில்லை.

இப்புதிரில் நிபந்தனைகளை எந்த வரிசையில் பிரயோகிக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஆராய வேண்டிய உலகமே சுருங்கியும் விரிந்தும் போவதைக் காணலாம். 64 கட்டங்களில் எட்டைத் தேர்வது என்று தொடங்கினால் வழிகள் 4,42,61,65,368. ஒரு வரிசையில் இரு ராணிகள் நிற்க முடியாது என்பதை முதலிலேயே ஏற்று, வரிசைக்கு ஒன்றாக நிறுத்தினால் 1,67,77,216. பத்திக்கும் ஒன்றே என்பதையும் சேர்த்தால் 40,320. எஞ்சியிருப்பது மூலைவாட்டத்து நிபந்தனை ஒன்றே. அதை மட்டும் இப்படி ஒரே வீச்சில் அடக்கிவிட முடிவதில்லை. முதல் வரிசையில் ஒரு ராணியை நிறுத்தி, அதற்கு முரணாகாத இடத்தில் இரண்டாவதை நிறுத்தி, இவ்வாறே சென்று, வழி அடைபட்ட இடத்தில் ஓரடி பின்வாங்கி அடுத்த இடத்தை முயன்று பார்க்கும் முறையால்தான் 92ஐ அடைய முடிகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, மூன்றாம் வரிசையில் முரண் தோன்றிவிட்டால் அதன் கீழ் வரக்கூடிய எல்லா அமைப்புகளும் பார்க்கப்படாமலே, ஆனால் நியாயமாகவே, தள்ளுபடியாகின்றன என்பது. பலகையைச் சுழற்றியும் கண்ணாடியில் காட்டியும் பெறுபவற்றை ஒன்றாகக் கொண்டால் அடிப்படைத் தீர்வுகள் 12. அவற்றுள் பதினொன்று எவ்வெட்டாகவும், அரைச்சுற்றில் மாறாத ஒன்று நான்காகவும் விரிந்து 92 ஆகின்றன. பலகை சிறுத்தால் தீர்வும் ஒழுங்காகக் குறையுமா என்றால் அதுவும் இல்லை: ஐந்து ராணிகளுக்குப் பத்து, ஆறுக்கு நான்கே, ஏழுக்கு நாற்பது. இத்தொடரின் உறுப்புகளை நேராகத் தரும் சூத்திரம் இதுவரை கிடைத்ததில்லை.

நிபந்தனைகள் எப்போதும் பொருள்களின் மேல்தான் விதிக்கப்பட வேண்டும் என்பதில்லை. ஒருவன் என்ன அறிவான், என்ன அறியான் என்பதும் நிபந்தனையாகலாம். 2015இல் சிங்கப்பூர் மாணவர்களின் கணிதப் போட்டியொன்றிலிருந்து வெளிப்பட்டு உலகெங்கும் பேசப்பட்ட பிறந்தநாள் புதிர் இவ்வகையைச் சார்ந்தது. ஷெரில் என்பவள் தன் பிறந்தநாள் மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17 என்ற பத்தில் ஒன்று என்று கூறி, ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும், பெர்னார்டிடம் தேதியை மட்டும் சொல்கிறாள். தனக்குத் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாதென்பது உறுதி என்கிறான் ஆல்பர்ட். 18, 19 என்ற தேதிகள் ஒவ்வொரு முறையே வருவதால், அவை இருக்கும் மாதங்களில் ஒன்று ஆல்பர்ட்டின் காதில் விழுந்திருந்தால் இப்படி உறுதி கூற அவனால் முடியாது. எனவே மேயும் ஜூனும் நீங்கி, பத்து ஐந்தாகிறது. முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது என்கிறான் பெர்னார்ட். இரு மாதத்திலும் உள்ள 14 நீங்கி, ஐந்து மூன்றாகிறது. அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது என்கிறான் ஆல்பர்ட். இரண்டு தேதிகள் மிஞ்சியுள்ள ஆகஸ்ட் நீங்கி, ஜூலை 16 ஒன்றே நிற்கிறது. உரையாடலில் ஒருவனேனும் மாதத்தையோ தேதியையோ உரக்கச் சொல்லவில்லை. அறியாமையை வெளியிட்டதே செய்தியாகிவிட்டது. இத்தகைய புதிரில் தடுமாறுவோர் பெரும்பாலும் தர்க்கத்தில் தடுமாறுவதில்லை. எந்த வாக்கியம் எந்த நேரத்தில் எஞ்சியிருந்த பட்டியலின் மேல் செல்கிறது என்ற கிரமத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

எண்ணிக்கை வழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு முறையேனும் தலை விழும் வாய்ப்பு யாது என்ற கேள்விக்கு, பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754இல் எழுதிய கட்டுரையில், பேரறிஞர் தாலம்பேர் மூன்றில் இரண்டு என்று விடை கூறினார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடுவதால், தலை, பூவையடுத்துத் தலை, பூவையடுத்துப் பூ என மூன்றே நிகழ்ச்சிகள் உண்டு என்பது அவர் வாதம். பட்டியலில் விடுபட்டது ஒன்றுமில்லை. ஆனால் மூன்றையும் சம எடையுள்ளவையாகக் கொண்டதில் பிழை புகுந்துவிட்டது. முதல் நிகழ்ச்சி உண்மையில் இரண்டுக்குச் சமமானது. சரியான விடை நான்கில் மூன்று. எத்தனை என்று எண்ணுவது வேறு, எவ்வளவு நேரும் என்று அளப்பது வேறு என்ற விவேகம், இந்தத் துறையில் மேதைகளுக்கும் எளிதில் வாய்த்ததன்று.

இனி, எண்ணிக்கை முறையின் பெருமையும் வரம்பும் ஒருங்கே விளங்கும் ஒரு வரலாற்றுக்கு வருவோம். ஆறு படைப்பிரிவுகளிலிருந்து, பிரிவுக்கு ஆறு பதவிநிலைகளில் ஒவ்வொருவராக, 36 அதிகாரிகளைச் சதுரமாக நிறுத்த வேண்டும். எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் ஒரே பிரிவினரோ ஒரே பதவியினரோ இருவர் வரலாகாது. இந்தப் புதிரை ஆராய்ந்து 1782இல் வெளியான கட்டுரையில் கணித அறிஞர் ஆய்லர், இது இயலாது என்று கருதியதோடு, 6, 10, 14, 18 என நான்கால் வகுத்தால் இரண்டு மிஞ்சும் எந்த எண்ணுக்கும் இயலாது என்றும் ஊகித்தார். ஆறுக்கு அவர் கருதியது மெய்யே என்பதை நிலைநாட்டியவர், 1900ஆம் ஆண்டளவில், அல்ஜீரியாவில் பிரெஞ்சு அரசாங்க ஊழியராயிருந்த காஸ்டன் டாரி. ஆறுக்கு ஆறு கட்டத்தில், வரிசையிலும் பத்தியிலும் குறி இரட்டிக்காதபடி அமையும் இலத்தீன் சதுரங்கள் 81,28,51,200 உண்டு. முதல் வரிசையையும் முதல் பத்தியையும் இயல்பான ஒழுங்கில் நிறுத்திவிட்டால் அவை 9,408 ஆகக் குறைகின்றன. டாரி அவற்றைப் பதினேழு குடும்பங்களாக வகுத்து, ஒவ்வொரு குடும்பத்திலும் புதிருக்கு விடையில்லை என்று கையாலேயே காட்டி முடித்தார். கணிப்பொறி என்ற ஒன்று கனவிலும் இல்லாத காலத்தில், பொறுமையையும் வகைப்பாட்டையும் மட்டுமே துணையாகக் கொண்டு, ஒன்று இல்லை என்பதை எண்ணி நிரூபித்த அந்த உழைப்பைப் படிக்கும்போது, எண்ணிக்கையைக் கீழ்மைப்படுத்தும் பேச்சு எவ்வளவு அநியாயமானது என்று தோன்றுகிறது.

ஆனால் ஆறில் மெய்யானது பத்திலும் மெய்யாகும் என்று யார் உறுதி கூறினார்? அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆய்லரின் ஊகத்தைப் பலரும் நம்பினர். 1959இல், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணிபுரிந்து பின்பு அமெரிக்காவின் வட கரோலினாவுக்குச் சென்ற ஆர்.சி. போஸும், மத்தியப் பிரதேசத்துச் சாகரில் பிறந்த எஸ்.எஸ். ஸ்ரீகண்டேயும் 22க்கு அத்தகைய சதுரத்தை அமைத்துக் காட்டினர், ஈ.டி. பார்க்கர் பத்துக்கு அமைத்தார். மூவரும் சேர்ந்து, ஆறுக்கு மேற்பட்ட அத்தகைய எல்லா எண்களுக்கும் ஆய்லரின் ஊகம் தவறு என்று நிறுவினர். ஏறத்தாழ இரு நூற்றாண்டு நிலைத்த நம்பிக்கை சரிந்த செய்தி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதற்பக்கத்தில் இடம்பெற்றது. அவர்கள் இதைச் சாதித்தது சாத்தியங்களை ஒவ்வொன்றாகத் தேடியன்று. நிபந்தனைகளின் உள்ளமைப்பை ஆராய்ந்து, அதற்கிசைந்த சதுரத்தைக் கட்டியெழுப்பியே. இல்லை என்பதற்கு எல்லாவற்றையும் எண்ண வேண்டும். உண்டு என்பதற்கு ஒன்றைக் காட்டினால் போதும்.

எல்லாவற்றையும் எண்ணும் வேலை எவ்வளவு விரைவில் கையை மீறிவிடும் என்பதை மாயச்சதுரங்களின் வளர்ச்சி உணர்த்துகிறது. மும்மூன்று கட்டத்தில் ஒன்றேயான சதுரம், நந்நான்கு கட்டத்தில் 880 ஆகிறது. பிரான்ஸின் பிரெனிக்கிள் கையால் எண்ணிய இத்தொகை அவர் மறைவுக்குப் பின் 1693இல் வெளியாயிற்று. ஐயைந்து கட்டத்துக்கு 27,53,05,224 என்பதை 1973இல் ரிச்சர்ட் ஷ்ரோப்பல் கணிப்பொறியால் எண்ணினார். இன்று பத்திரிகைகளில் அன்றாடம் வரும் சுடோகுவின் முழு அமைப்புகளோ 22 இலக்கம் கொண்ட தொகை. அதில் விடை ஒன்றேயாவதற்குக் குறைந்தது 17 எண்களேனும் முன்கூட்டித் தரப்பட வேண்டும், 16 போதாது என்பதை 2012இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்வயரின் குழுவினர் கணிப்பொறியின் முழுத் தேடலால் காட்டினர். 1976இல் ஆப்பலும் ஹாக்கனும், நிலப்படத்தில் அண்டை நாடுகள் வேறுபட நான்கு வர்ணங்களே போதும் என்ற நான்கு வர்ணத் தேற்றத்தை ஆயிரத்துக்கு மேற்பட்ட அமைப்புகளாகப் பிரித்துப் பொறியால் சோதித்து நிரூபித்தபோது, மனிதக் கண் முழுதும் தொடர முடியாததை நிரூபணம் என்பதா என்று ஒரு சர்ச்சை எழுந்தது. சந்தேகிகளின் கேள்வி நேர்மையானது. ஆயினும் அது எண்ணிக்கை முறையின் மேல் எழும் கேள்வியன்று, எண்ணியவரின் நம்பகத்தின் மேல் எழும் கேள்வி. டாரியின் பதினேழு குடும்பங்களைச் சரிபார்த்தவரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

1989இல் கனடாவின் கிளமென்ட் லாமும் அவருடைய தோழர்களும், பத்தாம் வரிசை வீழ்தளம் என்ற அமைப்பு இல்லை என்று பெருங்கணிப்பொறியின் நீண்ட தேடலால் கண்டனர். பொறியில் கண்டறியப்படாத பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்பதை லாமே மறைக்காமல் எடுத்துரைத்து, அது முடிவை மாற்றும் வாய்ப்பு மிகச் சிறிது என்று விளக்கினார். ஆய்லரின் பாஷையில் சொன்னால், பத்துக்குப் பத்து கட்டத்தில் எந்த இரண்டை எடுத்தாலும் அதிகாரிகளின் புதிருக்கு விடையாகும்படி ஒன்பது இலத்தீன் சதுரங்கள் இல்லை என்பதே அதன் பொருள். இரண்டு உண்டு என்பதைப் போஸ் முதலியோர் முன்பே காட்டிவிட்டனர். அவ்வாறான மூன்று உண்டா என்பது இன்றளவும் நிர்ணயமாகவில்லை. அந்த வரிசையில் இலத்தீன் சதுரங்களின் தொகையே 37 இலக்கம் கொண்டதாகையால், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட எந்தப் பொறிக்கும் ஆயுள் போதாது. எட்டு ராணிகளின் புதிரில் 4,42,61,65,368ஐ இரண்டே வாக்கியங்களில் 40,320 ஆக்கியதைப் போன்றதொரு குறைப்பை முதலில் யாரேனும் காண வேண்டும்.